பதினைந்தாம் வீதித் தேவாலயத்தின் கதவு

கிறிஸ்தவ சமயத்தோடு தொடர்புடைய இரண்டு சொற்களைத் தமிழில் நாம் நெடுங்காலமாக வழங்கி வருகின்றோம். ஒன்று தேவாலயம், மற்றையது திருச்சபை. தேவாலயம் என்றால் கட்டடம். கல்லும் சுண்ணாம்பும் மரமும் ஓடும் கொண்டு எழுப்பப்பட்டது. திருச்சபை என்றால் மக்கள். ஒரு விசுவாசத்தின் பொருட்டு ஒன்றுகூடியவர்கள். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்திலே காணப்படும் 'எக்ளேசியா' என்னும் சொல் கட்டடத்தைக் குறிக்கவில்லை. அழைக்கப்பட்டுக் கூடிய மக்களையே குறித்தது. அதனைத் தமிழ்ப்படுத்தியவர்கள் 'சபை' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தமை பொருத்தமானதே.

கட்டடத்தைப் பூட்டலாம். சபையைப் பூட்ட முடியுமா? சாதாரண காலத்தில் இந்தக் கேள்வி எழுவதில்லை. கட்டடமும் மக்களும் ஒன்றாக இருக்கும்வரை இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. கொள்ளைநோய் வந்து கதவைச் சாத்தும்போதுதான் இரண்டும் வெவ்வேறு என்பது புலப்படுகின்றது. கதவு மீண்டும் திறக்கும் நாளிலே, உள்ளே வந்து அமர்பவர்கள் எதைப் பெற்றுக்கொண்டு வந்தார்கள், எதை இழந்துவிட்டு வந்தார்கள் என்ற கணக்கும் பார்க்கப்படுகின்றது. அப்படிக் கணக்குப் பார்த்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

அந்த ஞாயிறு, 1918ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் திகதி. இடம், ஐக்கிய அமெரிக்காவின் தலைநகரமாகிய வாஷிங்டனில் உள்ள பதினைந்தாம் வீதிப் பிரஸ்பிற்றேரியன் தேவாலயம். அது கறுப்பின மக்களின் தேவாலயம். போதகர் பிரான்சிஸ் ஜேம்ஸ் கிறிம்கே. ஏறத்தாழ நான்கு வாரங்கள் அடைபட்டுக் கிடந்த கதவு திறக்கப்பட்டு, சபையார் மீண்டும் தத்தம் ஆசனங்களில் அமர்ந்திருந்தனர். அன்று அவர் ஆற்றிய பிரசங்கம் பின்னர் சிறு பிரசுரமாக அச்சிடப்பட்டதனால் நூறாண்டு கடந்தும் நமக்குக் கிடைக்கின்றது.

அந்தப் பிரசங்கத்தை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், அதற்கு முந்திய வாரங்களில் அந்நகரம் பட்ட பாட்டை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும்.

முதலாம் உலகப் போர் அப்போது தன் இறுதிக் கட்டத்தில் இருந்தது. அமெரிக்கா 1917 ஏப்ரலில் போரில் இறங்கியது. அதன் பின் தலைநகருக்கு எழுதுவினைஞர்களும் தட்டெழுத்தாளர்களும் படையினரும் அலை அலையாக வந்து சேர்ந்தனர். 1910ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி வாஷிங்டனில் வாழ்ந்தோர் 331,069 பேர். 1920இல் அத்தொகை 437,571. பத்து ஆண்டுகளில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் கூடிவிட்டனர். ஆனால் வீடுகளும் வைத்தியசாலைகளும் அந்த அளவுக்குக் கூடவில்லை. ஓர் அறைக்குள்ளே பலர் நெருங்கி வாழ்ந்தனர். காய்ச்சலுக்கு இதைவிட வசதியான இடம் வேறு வேண்டுமா?

'ஸ்பானியக் காய்ச்சல்' என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட இன்புளுவென்சா, அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் அமெரிக்காவின் கிழக்குக் கரை நகரங்களைத் தாக்கியது. செப்டெம்பர் 28ஆம் திகதி பிலடெல்பியாவிலே போர்க் கடன் பத்திரங்களுக்காக ஒரு பெரும் ஊர்வலம் நடத்தப்பட்டது. அடுத்து வந்த நாட்களில் அந்நகரத்து வைத்தியசாலைகள் நிரம்பி வழிந்தன. ஒக்டோபர் மாதம் ஒன்றிலேயே அமெரிக்காவில் இறந்தோர் ஏறத்தாழ 195,000 பேர். நோயிலும் முதுமையிலும் தளர்ந்தவர்களை மட்டுமல்ல, இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட திடகாத்திரமான வயதினரையும் இக்காய்ச்சல் கொண்டுபோனது. காலையில் வேலைக்குப் போனவர் சில நாட்களில் பிரேதமாகக் கிடந்த வீடுகள் பல.

வைத்தியர்களிடம் அதற்கு மருந்து இருக்கவில்லை. நோய்க்குக் காரணம் ஒரு வகைப் பக்டீரியா என்றே பலரும் எண்ணியிருந்தனர். மனிதரிடத்துள்ள இன்புளுவென்சா வைரசு கண்டுபிடிக்கப்பட்டது 1933இல். தடுப்பூசியும் இல்லை, நோயினால் வரும் நியுமோனியாவை எதிர்க்கப் பெனிசிலினும் இல்லை. அதிகாரிகளின் கையில் இருந்த கருவி ஒன்றே ஒன்றுதான். சனக்கூட்டத்தைக் கலைப்பது. ஒருவருடைய மூச்சு மற்றவருக்கு எட்டாதபடி பார்த்துக்கொள்வது.

ஒக்டோபர் முதல் வாரத்தில் வாஷிங்டனின் பாடசாலைகள் மூடப்பட்டன. நாடக அரங்குகளும் திரைப்பட மண்டபங்களும் மூடப்பட்டன. அவற்றைத் தொடர்ந்து தேவாலயங்களும் மூடப்பட்டன. கடைகளும் அரச அலுவலகங்களும் திறக்கும் நேரங்கள் மாற்றியமைக்கப்பட்டன. சவப்பெட்டிகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. பிற்ஸ்பேர்க் நகருக்கென்று புகையிரதத்தில் போய்க்கொண்டிருந்த சவப்பெட்டிகளை வழியிலே மறித்து, தலைநகரின் தேவைக்கென எடுத்துக்கொள்ளும்படி நகர ஆணையாளர் லூயிஸ் பிரௌன்லோ உத்தரவிட்டார். ஒரு வல்லரசின் தலைநகரம் இன்னொரு நகரத்தின் சவப்பெட்டியைப் பறித்துக்கொள்ள நேர்ந்தது என்றால் அந்த நாட்களின் நிலையை வேறு சொல்லி விளக்க வேண்டியதில்லை. அந்தக் காய்ச்சலினால் வாஷிங்டனில் மாண்டோர் தொகை சுமார் 3,000.

இத்தகைய வேளையிலும் தேவாலயங்களை மூடியது பற்றி முணுமுணுப்பு எழுந்தது. அதை மூடத்தனம் என்று நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. தெருவிலே டிராம் வண்டிகள் சனம் நிறைந்து ஓடுகின்றன, அலுவலகங்களில் ஆயிரக்கணக்கானோர் அருகருகே இருந்து வேலை செய்கின்றனர், கடைகளும் திறக்கின்றன. மனிதன் கடவுளை அதிகமாகத் தேடும் வேளை எதுவோ அந்த வேளையில், அவன் கடவுளைத் தேடிச் செல்லும் இடத்தை மட்டும் அடைப்பது என்ன நியாயம்? சாவீட்டின் துயரத்தில் இருப்பவனுக்குப் பிரார்த்தனை அத்தியாவசியம் இல்லையா? இப்படிக் கேட்டவர்களில் போதகர்களும் இருந்தனர்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளல் நன்று. சைவ ஆலயத்திலே அடியார் வராதுவிட்டாலும் மூலஸ்தானத்தில் நித்திய பூசை நடக்கும். குருக்கள் ஒருவர் உள்ளே இருந்து விளக்கேற்றித் தீபம் காட்டினால் அன்றைய கிரியை நிறைவேறிவிடும். கத்தோலிக்கத்திலும் குருவானவர் தனியே நின்று திருப்பலி ஒப்புக்கொடுக்க இடமுண்டு. ஆனால் பிரஸ்பிற்றேரியன் போன்ற சீர்திருத்த மரபிலே, கூடிவந்த மக்களுக்கு வேதத்தை எடுத்துரைப்பதே வழிபாட்டின் நடுநாயகம். கேட்பதற்குச் சபை இல்லாவிட்டால் பிரசங்கம் இல்லை. ஆகவே கதவை அடைத்தல் அந்த மரபினருக்கு வழிபாட்டின் நெஞ்சிலேயே கைவைப்பது போன்றது. அவர்களுடைய மனக்குறையின் ஆழம் அங்கேதான் உள்ளது.

இனி அந்தப் போதகரைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். ஏனெனில் அவர் சொன்னதன் கனம், சொன்னவர் யார் என்பதிலும் தங்கியிருக்கின்றது.

பிரான்சிஸ் கிறிம்கே 1850இல் தென் கரோலினா மாநிலத்தின் சார்ள்ஸ்ரன் நகருக்கு அண்மையில் பிறந்தார். தந்தை ஹென்றி கிறிம்கே, வெள்ளையர், தோட்ட முதலாளி. தாய் நான்சி வெஸ்ரன், அந்த முதலாளியின் அடிமை. அந்நாட்டுச் சட்டப்படி தாய் அடிமையாயின் பிள்ளையும் அடிமையே. தந்தை 1852இல் இறந்தார். சில ஆண்டுகள் கழிந்தபின், தந்தையின் முதல் தாரத்து மகன், தன் சொந்தத் தம்பியரையே அடிமைகளாக உரிமை கோரினான். சிறுவனாகிய பிரான்சிஸ் தப்பியோடினார், பிடிபட்டார், சிறையில் நோயுற்றார், விற்கப்பட்டார். உள்நாட்டுப் போர் முடிந்த பின்னரே விடுதலை கிட்டியது.

விடுதலை பெற்ற சிறுவன் படிப்பில் இறங்கினான். பென்சில்வேனியாவிலுள்ள லிங்கன் பல்கலைக்கழகத்தில் 1870இல் பட்டம் பெற்றார். அடிமைத்தனத்துக்கு எதிராகவும் பெண்களின் உரிமைக்காகவும் வாதாடிய சாரா கிறிம்கே, ஏஞ்சலினா கிறிம்கே என்னும் சகோதரிகளைப் பற்றிச் சிலர் அறிந்திருக்கக்கூடும். அவர்கள் பிரான்சிஸின் அத்தைமார். தங்கள் சகோதரனுக்கு இப்படியும் பிள்ளைகள் உண்டு என்பது 1868இலேதான் அவர்களுக்குத் தெரியவந்தது. பத்திரிகையில் அந்தக் குடும்பப் பெயரைக் கண்டு ஏஞ்சலினா விசாரித்தார். உறவென்று அறிந்ததும் மருமக்களை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். பிரான்சிஸ் பின்னர் பிறின்ஸ்ரன் இறையியற் கல்லூரியில் பயின்று 1878இல் வெளியேறி, பதினைந்தாம் வீதித் தேவாலயத்தின் போதகரானார். இடையில் சில ஆண்டுகள் புளோரிடாவில் பணியாற்றியது தவிர, தம் ஊழிய காலம் முழுவதையும் அந்தச் சபையிலேயே கழித்தார்.

அந்தச் சபையும் சாதாரணமானதன்று. அடிமைமுறை நிலவிய 1841ஆம் ஆண்டிலேயே வாஷிங்டனில் கறுப்பினத்தவர் தமக்கென அமைத்துக்கொண்ட சபை அது. 1870இல் கறுப்பினப் பிள்ளைகளுக்கான உயர்தரப் பாடசாலை ஒன்று அந்தத் தேவாலயத்தின் நிலவறையிலேதான் தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் டன்பார் உயர்தரப் பாடசாலை என்று நாடெங்கும் புகழ்பெற்றது அதுவே. ஆகவே அந்தக் கதவு அடைபட்டபோது அடைபட்டது ஒரு தொழுகையிடம் மட்டுமன்று. வேறெந்தப் பொது இடத்திலும் தலைநிமிர்ந்து அமர முடியாத ஒரு சமூகம் தலைநிமிர்ந்து அமர்ந்த இடம் அது. ஜனாதிபதி வூட்ரோ வில்சனின் ஆட்சியில், 1913 முதல், அரச அலுவலகங்களிலே கறுப்பின ஊழியர் வெள்ளையரிடமிருந்து பிரித்து இருத்தப்பட்டனர். அதனைக் கண்டித்து வில்சனுக்கே கடிதம் எழுதியவர் கிறிம்கே.

இத்தகைய ஒருவர், அரசாங்கம் தம்முடைய தேவாலயத்தை அடைத்தமை பற்றி என்ன சொல்லியிருப்பார்? 'அடிமைச் சட்டத்தையும் பார்த்தோம், பிரிவினைச் சட்டத்தையும் பார்த்தோம், இப்போது வழிபடவும் தடையா?' என்று சீறியிருப்பார் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். அவ்வாறு சீறுவதற்கு அவருக்கு உரிமையும் இருந்தது.

ஆனால் அவர் சொன்னது வேறு. தேவாலயங்களை அடைத்தது பற்றிச் சிலர் குறைப்பட்டுக்கொள்கிறார்கள் என்பதைத் தாம் அறிவதாக முதலில் ஒப்புக்கொள்கின்றார். பின்னர் நிதானமாக ஒரு நியாயத்தை அடுக்குகின்றார். அதன் சாரம் இது: நாடக அரங்கிலும் பாடசாலையிலும் கூடுவது ஆபத்தாயின், தேவாலயத்தில் கூடுவதும் அதேயளவு ஆபத்துத்தான். இது சமயக் கூட்டம், அது கேளிக்கைக் கூட்டம் என்ற வேறுபாடு சுகாதார விடயத்தைச் சிறிதும் மாற்றாது. கூட்டத்தைத் தவிர்த்தால் ஆபத்துக் குறையும் என்றால் தவிர்ப்பதுதான் அறிவு. தேவையில்லாமல் ஆபத்துக்குள் நாமே தலையைக் கொடுத்துவிட்டு, கடவுள் காப்பாற்றட்டும் என்று எதிர்பார்ப்பது பக்தியாகாது.

நேயர்களே, இந்த வாதத்தின் நுட்பத்தைக் கவனியுங்கள். அவர் அரசாங்கத்துக்குப் பணிந்து போகச் சொல்லவில்லை. 'மேலிடத்து உத்தரவு, நாம் என்ன செய்வது' என்று கையை விரிக்கவும் இல்லை. உத்தரவு நியாயமானதா என்று கேட்கின்றார். எல்லாக் கூட்டங்களையும் ஒரே அளவுகோலால் அளக்கின்றதா என்று பார்க்கின்றார். அளக்கின்றது. வெள்ளையரின் தேவாலயமும் அடைபட்டது. கறுப்பரின் தேவாலயமும் அடைபட்டது. செல்வர் போகும் நாடக அரங்கும் அடைபட்டது. வாஷிங்டன் நகரில் நிறம் பாராது எல்லோர்மீதும் ஒரே மாதிரி விழுந்த சட்டங்கள் அந்நாட்களில் அதிகம் இல்லை. அநீதியான சட்டம் எது என்பதை உடம்பால் அறிந்தவர் அவர். அதனாலேயே அநீதியல்லாத சட்டத்தை அடையாளம் காணவும் அவருக்கு இயன்றது என்று எனக்குத் தோன்றுகின்றது. எல்லாச் சட்டத்தையும் எதிர்ப்பவனைவிட, எதிர்க்க வேண்டியதையும் ஏற்க வேண்டியதையும் பிரித்தறிபவனே அதிகாரத்துக்கு உண்மையில் சங்கடமானவன்.

அவர் பிரசங்கத்தின் அடுத்த பகுதி அதை மெய்ப்பிக்கின்றது. கதவை அடைத்த உத்தரவை ஏற்றுக்கொண்ட அதே வாயால், அந்த நகரத்தின் நிறவெறியை அவர் நேரடியாகச் சாடுகின்றார். இந்தக் கொள்ளைநோய் வெள்ளை மனிதன் படிக்க வேண்டிய பெரிய பாடம் ஒன்றைக் கொண்டுவந்திருக்கின்றது என்கின்றார். காய்ச்சல் தோலின் நிறத்தைப் பார்த்து வீடு புகவில்லை. வெள்ளைத் தோல் யாருக்கும் கேடயமாகவில்லை. பதவியும் பணமும் பலனளிக்கவில்லை. நிறத்தை வைத்து மனிதரைத் தரம் பிரிப்பது கடவுள் ஒப்பாத கொள்கை என்பதை இந்த வாரங்களே காட்டிவிட்டன. இறுதித் தீர்ப்பு நாளிலும் அது காட்டப்படும் என்று அறுதியாகச் சொல்கின்றார்.

வியத்தகு விடயம் என்னவென்றால், அவர் இந்த இரண்டு பகுதிகளையும் ஒரே அடிப்படையில் நிறுத்தியமையே. நோய் தேவாலயத்துக்கும் நாடக அரங்குக்கும் வேறுபாடு பார்க்கவில்லை. ஆகவே உத்தரவும் வேறுபாடு பார்க்காமல் இருந்தது சரி. நோய் வெள்ளையனுக்கும் கறுப்பனுக்கும் வேறுபாடு பார்க்கவில்லை. ஆகவே மனிதனும் வேறுபாடு பார்க்காமல் இருப்பதே சரி. முதலாவதை ஏற்றுக்கொண்டவன் இரண்டாவதை எப்படி மறுக்க முடியும்?

மூன்றாவதாக, திறந்த கதவைப் பற்றிப் பேசுகின்றார். பிழைத்திருக்கின்றோம் என்பதில் வெறுமனே மகிழ்ச்சி கொள்வதோடு நின்றுவிடலாகாது. நம்மோடு இருந்த பலர் போய்விட்டார்கள். நாம் மட்டும் ஏன் விடப்பட்டோம் என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டு, அதற்குரிய நோக்கத்தைக் கண்டறிய வேண்டும் என்கின்றார். ஞாயிறுதோறும் வந்து போனபோது உணராத தேவாலயத்தின் அருமை, அது அடைபட்டிருந்த நாட்களில் உணரப்பட்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றார். அதாவது, மறுபடி வந்து அமர்பவர்கள் முன்னர் இருந்தவர்களாகவே வந்து அமர்ந்தால் அந்த வாரங்கள் வீண் என்பது அவர் கருத்து.

அந்தப் பிரசங்கம் நிகழ்ந்து எட்டாம் நாள், நவம்பர் 11ஆம் திகதி, போர் முடிவுக்கு வந்தது. மக்கள் வீதிகளில் திரண்டு கொண்டாடினர். கொள்ளைநோயைப் பற்றிய நினைவு போர் வெற்றியின் ஆரவாரத்துக்குள் அமிழ்ந்துபோயிற்று. காய்ச்சலோ அந்தக் குளிர்காலத்திலும் ஓயாது மீண்டும் வந்தது.

அவர் எதிர்பார்த்த பாடத்தை அந்த நகரம் படித்ததா? இல்லை என்றே சொல்ல வேண்டும். ஒன்பது மாதங்கள்கூடக் கழியவில்லை. 1919 யூலையில், அதே வாஷிங்டன் வீதிகளில், போரிலிருந்து திரும்பிய வெள்ளைப் படையினரும் அவர்களோடு சேர்ந்த கும்பலும் கறுப்பின மக்களைத் தாக்கினர். கறுப்பின மக்கள் திருப்பித் தாக்கினர். கலவரம் பல நாட்கள் நீடித்து உயிர்களைப் பலிகொண்டது. ஒரே காய்ச்சலால் வருந்திய மக்கள், ஒரே விதமான சவப்பெட்டியில் தம் பிள்ளைகளைக் கிடத்திய மக்கள், ஒருவரை ஒருவர் தெருவில் துரத்தினர். நோய் மனிதரைச் சமமாக்கும் என்பதெல்லாம் அது இருக்கும் நாள் வரைக்குந்தான். கதவு திறந்ததும் பழைய ஆசனங்களைத் தேடிப் போய் அமர்வதே மனித இயல்பு. கிறிம்கே 1937இல் மறையும்வரை இதே நியாயத்தை ஓயாது எழுதியும் பேசியும் வந்தார். கறுப்பின வரலாற்றாசிரியர் கார்ட்டர் வூட்சன் அவருடைய எழுத்துக்களை நான்கு தொகுதிகளாக 1942இல் வெளியிட்டார்.

கிறிம்கேயின் நிதானம் எவ்வளவு அரியது என்பதை, அதே 1918இல் ஸ்பெயின் நாட்டில் நிகழ்ந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தெளிவாகும். அங்கே சமோரா என்ற பழைய நகரம் உண்டு. அதன் ஆயர் அந்தோனியோ அல்வாரோ பயானோ. மக்களின் பாவத்துக்குக் கிடைத்த தண்டனையே இந்நோய் என்று அவர் கருதினார். கொள்ளைநோய்க் காவலராகிய புனித ரோக்கு பேரில் நவநாள் ஆராதனை நடத்தும்படி பணித்தார். மக்கள் நாள்தோறும் ஆலயத்தில் நெருங்கித் திரண்டனர். கூட்டங்களைத் தவிர்க்குமாறு சுகாதார அதிகாரிகள் விடுத்த வேண்டுகோளைத் தம் சமய உரிமையில் தலையிடுவதாகவே அவர் கொண்டார். ஸ்பெயினின் நகரங்களில் மிக அதிகமான இறப்பு வீதத்தைக் கண்டவற்றுள் சமோராவும் ஒன்று. ஆயினும் மக்கள் ஆயரைப் பழிக்கவில்லை. துன்ப காலத்தில் கூட நின்றவர் என்று அவரைப் பாராட்டவே செய்தனர். இதையும் நாம் மறைக்கலாகாது. அச்சத்தில் நடுங்கும் மனிதனுக்குத் துணை வேண்டும். அந்தத் துணையே அவனைக் கொல்லவும் கூடும் என்பதுதான் இதிலுள்ள துயரம்.

துணையாகவும் இருந்து, தொற்றையும் தவிர்ப்பதற்கு வழி இல்லையா? இருந்தது. அதுவும் மிகப் பழைய வழி. 1576இல் இத்தாலியின் மிலான் நகரைப் பிளேக் தாக்கியபோது, அங்கே பேராயராக இருந்தவர் கார்லோ பொரோமேயோ. மக்கள் வீட்டை விட்டு வெளியேறலாகாது என்ற கட்டளை அந்த ஆண்டு ஒக்டோபரில் பிறந்தது. பொரோமேயோ என்ன செய்தார்? நாற்சந்திகளில் பலிபீடங்களை நிறுவினார். வீட்டுச் சாளரத்திலிருந்தும் மேல்மாடத்திலிருந்தும் மக்கள் திருப்பலியைக் கண்டனர். ஆலய மணி நாளொன்றுக்கு ஏழு முறை ஒலித்தது. ஒலிக்கும்போதெல்லாம் வீடுகளுக்குள் இருந்தவர்கள் ஒரே வேளையில் செபித்தனர். எதிரெதிர் வீட்டார் ஒருவர் பாட மற்றவர் மறுமொழி பாடினர். தேவாலயத்துக்கு மக்கள் வர முடியாதபோது தேவாலயம் தெருவுக்கு வந்தது. நோய் நீங்கியதற்கு நன்றியாக அந்நகரம் கட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்துக்கு 1577இல் அடிக்கல் நாட்டப்பட்டது. பொரோமேயோ 1610இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

நூறாண்டுக்குப் பின்னர் கொரோனா வந்தபோது உலகம் இந்தப் பழைய ஏடுகளையெல்லாம் மீண்டும் புரட்ட நேர்ந்தது. எருசலேமிலே, இயேசு அடக்கம் செய்யப்பட்ட இடமென்று கிறிஸ்தவர்கள் போற்றும் திருக்கல்லறைத் தேவாலயம் 2020 மார்ச் 25ஆம் திகதி மூடப்பட்டது. ஐரோப்பாவையும் மேற்காசியாவையும் கருங்கொள்ளைநோய் சூறையாடிய 1349ஆம் ஆண்டுக்குப் பின்னர், நோய் காரணமாக அது நீண்ட நாட்களுக்கு மூடப்பட்டது அதுவே முதற்றடவை என்று அப்போது எழுதினர். ஆறு கிறிஸ்தவ சபைகள் பங்குபோட்டு வழிபடும் அத்தேவாலயத்தின் திறவுகோலைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருவோர் முஸ்லிம் குடும்பத்தினர். கதவைத் திறந்து மூடும் பொறுப்பு மற்றுமொரு முஸ்லிம் குடும்பத்தினருடையது. அந்த ஆண்டு உயிர்ப்பு விழா யாத்திரிகர் இன்றியே கழிந்தது. மே 24ஆம் திகதி கதவு திறந்தபோது, ஒரு வேளையில் ஐம்பது பேர் மட்டுமே உள்ளே செல்லலாம், முகக்கவசம் வேண்டும், கல்லைத் தொடவோ முத்தமிடவோ கூடாது என்று விதிக்கப்பட்டது. ஆயிரம் கல் கடந்து வருவோர் முத்தமிடுவதற்காகவே வரும் கல் அது. தொடாமல் தொழவேண்டியதாயிற்று.

நமது நாட்டின் நிலையையும் இங்கே குறிப்பிடாமல் விடுவது முறையாகாது. பிற நாட்டார் நோயினால் மட்டும் கதவடைத்தனர். நாமோ அதற்கு முந்திய ஆண்டே கதவடைத்தவர்கள். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு அன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தன. அடுத்த ஞாயிறு கத்தோலிக்க ஆலயங்களில் பொதுத் திருப்பலி இல்லை. பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஒப்புக்கொடுத்த திருப்பலியை மக்கள் வீட்டிலிருந்து தொலைக்காட்சியில் கண்டனர். கொச்சிக்கடைத் திருத்தலம் யூன் 12ஆம் திகதி, அந்தோனியார் திருநாளுக்கு முதல்நாள், மீண்டும் திறக்கப்பட்டது. அந்தக் காயம் ஆறுமுன்னரே 2020 மார்ச் வந்தது. அந்த ஆண்டின் உயிர்ப்பு ஞாயிறு ஊரடங்குச் சட்டத்துக்குள் கழிந்தது. மீண்டும் தொலைக்காட்சித் திருப்பலி. மீண்டும் அடைத்த கதவு.

இரண்டு அடைப்புகளும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 2019இல் கதவை அடைத்தது மனிதன் மீது மனிதன் கொண்ட பகை. அயலவன் என்னைக் கொல்ல வருவானோ என்ற பயம். 2020இல் கதவை அடைத்தது அயலவனை நான் கொன்றுவிடக் கூடாதே என்ற எண்ணம். நோய்க்காலத்தில் நாம் ஒருவரை விட்டு ஒருவர் விலகியிருந்தது வெறுப்பினால் அன்று. பாட்டியைக் காப்பாற்றப் பேரன் எட்டி நின்றான். சபையாரைக் காப்பாற்றப் போதகர் வெற்று ஆசனங்களைப் பார்த்துப் பிரசங்கித்தார். கூடாதிருத்தலே கூடிவாழ்வோரின் கடமையாக இருந்த காலம் அது.

பதினைந்தாம் வீதித் தேவாலயத்தில் கிறிம்கே உணர்த்த முயன்றதும் இதைத்தான் என்று நான் கருதுகின்றேன். கட்டடம் அடைபட்டது, ஆனால் ஒருவர் நலனை மற்றவர் எண்ணி வீட்டில் இருந்தவரை சபை அடைபடவில்லை. அதேவேளை, வீட்டிலிருந்தே வழிபடலாமே, இனிக் கட்டடம் எதற்கு என்று அவர் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அடைத்தது சரி என்று வாதிட்ட அவரே, திறந்ததற்காக மனமார மகிழ்ந்தார். முகத்துக்கு முகம் பார்த்து, பக்கத்து ஆசனத்தில் இருந்தவர் இன்று ஏன் இல்லை என்று விசாரித்து, இறந்தவர் வீட்டாரின் கையைப் பற்றுவதற்கு ஓர் இடம் வேண்டும். அது வானொலியாலும் ஆகாது, தொலைக்காட்சியாலும் ஆகாது. வானொலியிலிருந்து பேசிக்கொண்டே இதைச் சொல்கின்றேன்.

கதவைத் திறப்பதற்கு ஒரு திறவுகோலும் ஓர் அறிவித்தலும் போதும். எவருக்காக விலகியிருந்தோமோ அவர்களோடு எவ்வாறு மீண்டும் அமர்வது என்பதற்கு எந்த அதிகாரியும் சுற்றறிக்கை அனுப்புவதில்லை. வாஷிங்டனிலே 1918இல் தேவாலயங்களின் கதவுகள் எல்லாம் ஒரே வாரத்தில் திறந்தன. ஆனால் வெள்ளையர் தம் தேவாலயத்துக்கும் கறுப்பினத்தவர் தம் தேவாலயத்துக்குமாக வெவ்வேறு வழியே நடந்தனர். கிறிம்கே திறக்கச் சொன்ன கதவு அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது. அதற்கான திறவுகோல் அன்று எவர் கையிலும் இருக்கவில்லை. நம்முடைய ஊர்களிலே, நம்முடைய ஆலயங்களுக்கும் தேவாலயங்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் இடையிலே அத்தகைய கதவுகள் எத்தனை உண்டு என்பதை, அடைபட்டிருந்த அந்த மாதங்களை மறந்துவிடுமுன்னர் நாம் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.